32 கிலோமீற்றர் தொலைவிலிருந்து ஒரு ஸ்டென்ட்: குருதிக்குழாய்க்குள் நுழைந்த ரோபோ

2019 செப்டெம்பரில் என் மாமாவுக்கு மாரடைப்பு வந்தது. வன்னியில் வயல் செய்பவர். விடியப்புறம் மூன்றரை மணிபோல் நெஞ்சு இறுகுகிறது என்று எழும்பியவர், வாய்வாக்கும் என நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து மணிவரை முற்றத்தில் நடந்திருக்கிறார். மாமி அயலில் ஓட்டோ பிடித்து ஊர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆறு மணி தாண்டிவிட்டது. அங்கே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஏற்றப்பட்டபோது நேரம் எட்டு மணி. அஞ்சியோகிராம் செய்யும் வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு நோயாளர் காவு வண்டியில் வந்து சேர்ந்தது அடுத்த நாள். கத் லாப் என்று எல்லோரும் சொல்லும் அந்த அறைக்குள் அவரைக் கொண்டுபோனது அதற்கும் இரண்டு நாள் கழித்து.

வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு கைப்பேசியில் எதையாவது வாசிப்போம் என்று தட்டியபோது கண்ணில் பட்ட செய்திதான் இந்தக் கட்டுரையின் தொடக்கம். இந்தியாவின் குஜராத்தில் ஒரு வைத்தியர், நோயாளியிடமிருந்து 32 கிலோமீற்றர் தொலைவில் இருந்தபடி, ரோபோவின் உதவியுடன் இருதய நாடிக்குள் ஸ்டென்ட் வைத்திருக்கிறார் என்றது அந்தச் செய்தி. அடைப்பட்ட நாடியைத் திறந்துவைக்கப் பொருத்தும் சிறிய உலோக வலைக்குழாய்தான் ஸ்டென்ட். மாமாவுக்கும் அந்த நேரத்தில் உள்ளே அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வேளை எங்கள் ஊரில் அப்படியொரு இயந்திரம் இருந்திருந்தால் என்ற நினைப்பு அன்று வந்தது. அந்த நினைப்பு எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்று தேடிப்பார்க்க எனக்குச் சில வருடங்கள் எடுத்தன.

முதலில், அந்த அறைக்குள் நடப்பது என்ன என்பதைச் சொல்லவேண்டும். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள நாடியில் ஊசியால் துளையிட்டு, கதீற்றர் எனப்படும் மெல்லிய நெகிழ்குழாயை இருதயத்தின் வாசல்வரை கொண்டுபோகிறார்கள். அதற்குள்ளால் ஒரு வழிகாட்டிக் கம்பி போகும். அதன் தடிப்பு ஏறத்தாழ மூன்றிலொரு மில்லிமீற்றர். இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகளின் அகலமே மூன்று மில்லிமீற்றர் அளவுதான். அந்தக் கம்பியை விரல்நுனிகளுக்கு இடையில் வைத்து உருட்டி உருட்டி, சரியான கிளைக்குள் திருப்பி, அடைப்பைத் தாண்டவைக்கவேண்டும். பிறகு அந்தக் கம்பியின்மேல் பலூனை ஏற்றி அடைப்பை விரித்து, ஸ்டென்டைப் பொருத்துகிறார்கள். நாடி வெறும் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சியபடி, அயடீன் கலந்த சாயத்தை உட்செலுத்தினால்தான் திரையில் அது மரக்கிளை போல ஒரு கணம் தோன்றி மறையும்.

இந்த வித்தையின் வரலாறே கொஞ்சம் துணிச்சலும் கொஞ்சம் கிறுக்கும் கலந்தது. 1929இல் ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தன் கை நாளத்துக்குள் தானே ஒரு குழாயைச் செருகி, அதை இருதயம்வரை தள்ளி, அப்படியே நடந்துபோய் எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டார். அன்று அவரைக் கண்டித்தார்கள். 1956இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 1977 செப்டெம்பர் 16ஆம் திகதி சூரிச்சில் அந்திரியாஸ் குருன்ற்சிக் முதன்முதலாக விழித்திருந்த ஒரு மனிதரின் முடியுரு நாடி அடைப்பைப் பலூனால் விரித்தார். அந்தப் பலூன் கதீற்றர்களை அவர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து ஒட்டிச் செய்து பழகியவர். அன்றிலிருந்து இன்றுவரை பலூன் மாறியது, ஸ்டென்ட் வந்தது, மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. ஆனால் கம்பியை உருட்டுகிற விரலும், கட்டிலருகே ஈய அங்கியோடு நிற்கிற மனிதரும் மாறவில்லை.

ஈய அங்கியின் கதை

மாமாவின் சிகிச்சை முடிந்து வெளியே வந்த வைத்தியர் எங்களோடு பேசமுன் செய்த முதல் வேலை, சுவரில் ஒரு கையை ஊன்றி இடுப்பை நிமிர்த்தியதுதான். ஈய அங்கி இன்னும் உடம்பில் இருந்தது. அது ஏழு கிலோவரை பாரம் வரும். காலையில் போட்டு மாலைவரை அதோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள். முதுகெலும்பு, கழுத்து, முழங்கால் உபாதைகள் இந்தத் துறையில் உள்ளவர்களிடம் மிகவும் பொதுவானவை. கதிர்வீச்சு வேறு. எக்ஸ்ரே கதிர் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி முதலில் போய்ச் சேர்வது அருகில் நிற்பவரிடம். கண் வில்லை மங்குவது இவர்களிடம் கூடுதலாக இருப்பது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. மூளைக் கட்டி வந்த இருதய வைத்தியர்கள் சிலரைப் பற்றிய பதிவுகளில் கட்டிகள் பெரும்பாலும் தலையின் இடப்பக்கத்தில், அதாவது நோயாளியை நோக்கி இருக்கும் பக்கத்தில், காணப்பட்டன. எண்ணிக்கை சிறியது. கதிர்தான் காரணம் என்று நிரூபிக்க அது போதாது. ஆனால் அந்த அறைக்குள் வேலை செய்பவர்கள் அந்தத் தகவலை மறக்கமாட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், குருதிக்குழாய் ரோபோ முதன்முதலில் செய்யப்பட்டது தொலைவில் உள்ள நோயாளிக்காக அல்ல. அருகில் நிற்கும் வைத்தியருக்காக. செய்தித் தலைப்புகளை மட்டும் வாசிப்பவர்களுக்கு இது தெரியவராது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அமெரிக்காவின் கொரின்டஸ் நிறுவனம் செய்த கோர்பாத் என்ற ரோபோவுக்கு அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012இல் அனுமதி கொடுத்தது. இதற்கு இரண்டு பகுதிகள். ஒன்று, கட்டிலோடு பொருத்தப்படும் கை. அதன் நுனியில் ஒரு தடவை மட்டும் பாவித்துவிட்டு எறியும் ஒரு பெட்டி. அதற்குள் இருக்கும் சிறு உருளைகள் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளும், சுழற்றும். மற்றையது, அறையின் மூலையில் கதிர் புகாத மறைப்புக்குள் உள்ள ஆசனம். அங்கே வைத்தியர் அங்கி இல்லாமல், திரைகளைப் பார்த்தபடி, விளையாட்டுக் கருவியில் உள்ளது போன்ற நெம்புகோல்களை அசைப்பார். ரோபோ என்றதும் தானாக முடிவெடுத்துச் செயற்படும் ஒன்றாகக் கற்பனை செய்யவேண்டாம். இது தானாக ஒன்றும் செய்யாது. நீளமான ஒரு கைபிடி என்றே சொல்லலாம்.

ஆனால் அந்தக் கைபிடி நடுங்காது. ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு மில்லிமீற்றர்தான் நகரும். அடைப்பின் நீளத்தைக் கண்மட்டில் ஊகிக்காமல் கம்பி நகர்ந்த தூரத்தைக் கொண்டே அளந்து, அதற்கேற்ற நீளமான ஸ்டென்டைத் தெரிவுசெய்ய முடியும். 2013இல் வெளியான ஆய்வொன்றில் 9 நிலையங்களில் 164 நோயாளிகளுக்கு இப்படிச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். 98.8 சதவீதமானோருக்கு இடையில் கைமுறைக்கு மாறாமலே வேலை முடிந்தது. ஆசனத்தில் இருந்த வைத்தியருக்குப் பட்ட கதிர்வீச்சு, கட்டிலருகே பதிவான அளவைவிட 95 சதவீதம் குறைவு.

நல்ல முடிவுதான். ஆனால் அந்த 164 பேரும் பெரும்பாலும் சிக்கலற்ற அடைப்பு உள்ளவர்கள். கையால் செய்த இன்னொரு குழுவோடு சீட்டுக்குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வும் அல்ல அது. இன்னொன்று: வைத்தியர் மறைப்புக்குள் போய்விட்டார்; கட்டிலருகே பலூனை எடுத்துக்கொடுத்து, பெட்டியை மாற்றி, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் தாதியும் தொழில்நுட்பவியலாளரும் அங்கேயேதான் அங்கியோடு நிற்கிறார்கள். பாதுகாப்பு யாருக்கு முதலில் கிடைக்கிறது என்பதில் வைத்தியசாலையின் படிநிலை அப்படியே தெரிகிறது.

அறையிலிருந்து கோயிலுக்கு

வைத்தியரைக் கட்டிலிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி உட்காரவைக்க முடிந்தால், இருநூறு கிலோமீற்றர் தள்ளி ஏன் உட்காரவைக்க முடியாது? இந்தக் கேள்வி அடுத்ததாக வருவது இயல்பு. தூர இடத்திலிருந்து சத்திரசிகிச்சை செய்வதும் புதிய கனவல்ல. 2001 செப்டெம்பர் 7ஆம் திகதி, நியூயோர்க்கில் இருந்துகொண்டு பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் இருந்த பெண்ணொருவரின் பித்தப்பையை ரோபோ மூலம் அகற்றியிருந்தார் ஜாக் மரெஸ்கோ. நான்கு நாளில் நியூயோர்க்கில் உலகமே வேறு விடயத்தைப் பார்க்கத் தொடங்கியதில் அந்தச் சாதனை பலருக்கு ஞாபகத்தில் இல்லை.

குருதிக்குழாய்க்குள் அதைச் செய்தவர் அஹமதாபாத்தின் இருதய வைத்திய நிபுணர் தேஜஸ் பட்டேல். மணிக்கட்டு நாடி வழியாகச் சிகிச்சை செய்வதில் உலகளவில் அறியப்பட்டவர். 2018 டிசெம்பர் 4, 5ஆம் திகதிகளில், காந்திநகரில் உள்ள அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில் கோர்பாத் ரோபோவின் கட்டுப்பாட்டு மேசையை வைத்து, அஹமதாபாத்தில் தனது வைத்தியசாலைக் கட்டிலில் படுத்திருந்த ஐந்து பேருக்கு ஸ்டென்ட் பொருத்தினார். ஐவருக்கும் வெற்றி. யாருக்கும் இடைநடுவில் கைமுறைக்கு மாறவேண்டி வரவில்லை. கோயிலைத் தெரிவுசெய்ததைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். நல்லூரிலிருந்து இப்படியொன்று நடந்தால் நாங்களும் படம் எடுத்துப் போடாமலா விடுவோம்?

அடுத்த வருடம் இதன் விபரங்கள் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தபோது, வைத்தியசாலை விறாந்தையில் நான் பார்த்த செய்தியில் இல்லாத பல விடயங்கள் இருந்தன. அந்த ஐவருக்கும் இருந்தது ஒரேயொரு, எளிதான அடைப்பு. யாரும் மாரடைப்போடு விடிய ஓட்டோவில் வந்தவர்கள் அல்லர். நாள் குறித்து வந்தவர்கள். கட்டிலருகே இன்னொரு இருதய வைத்தியரும் அவரது குழுவும் நின்றார்கள். நாடியில் துளையிட்டுக் குழாயை உள்ளே விட்டவர்கள் அவர்கள்தான். இணைப்பு அறுந்தாலோ நாடி கிழிந்தாலோ இருதயம் நின்றாலோ கையைப் போட ஆயத்தமாகவும் அவர்களே இருந்தார்கள்.

இணையவேகம் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். உண்மையில் அதுதான் இதில் குறைந்த பிரச்சினை. பிறகு பொஸ்டனில் இருந்துகொண்டு நியூயோர்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் வைக்கப்பட்ட மாதிரி நாடிகளுக்குள் இதே வேலையைச் செய்து பார்த்தார்கள். நெம்புகோலை அசைப்பதற்கும் திரையில் கம்பி அசைவது தெரிவதற்கும் இடையிலான தாமதம் கால் விநாடிக்குள் இருந்தால் வைத்தியருக்கு அது இடைஞ்சலாக இல்லை. இன்றைய இணைப்புகளில் அதை எட்டலாம்.

பெரிய குறை தொடுகை. கம்பி நாடிச் சுவரில் முட்டினால் கையில் ஒரு மெல்லிய எதிர்ப்பு தெரியும். அனுபவமுள்ளவர்கள் திரையைவிட அதைத்தான் நம்புகிறார்கள். கோர்பாத்தில் அந்த உணர்வு வைத்தியரின் கைக்கு வந்து சேராது. கண்ணால் பார்த்தே எல்லாவற்றையும் தீர்மானிக்கவேண்டும். மண்வெட்டி பிடித்த கைக்கு, கல்லில் பட்டதா வேரில் பட்டதா என்று பார்க்காமலே தெரியும். கைபிடியின் நீளம் 32 கிலோமீற்றர் என்றால்?

மூளைக்கு ஏன் இது வேறு கணக்கு

இருதயத்தைப் பொறுத்தவரை, தொலைதூர ரோபோ ஒரு முரணில் மாட்டிக்கொள்கிறது என்பது என் எண்ணம். ரோபோ வேலை செய்ய வேண்டுமானால் அந்த ஊரில் எக்ஸ்ரே இயந்திரத்தோடு ஒரு கத் லாப் இருக்கவேண்டும், தடையில்லாத மின்சாரம் இருக்கவேண்டும், பலூனும் ஸ்டென்டும் கையிருப்பில் இருக்கவேண்டும், நாடியில் துளையிடத் தெரிந்த வைத்தியர், பழகிய தாதியர், பிறகு நோயாளியை வைத்துப் பார்க்க தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் இருக்கவேண்டும். இவ்வளவும் உள்ள இடத்தில், ரோபோவால் முடிகிற எளிய அடைப்பை அங்குள்ள ஒரு வைத்தியரே பயிற்சி பெற்றுக் கையால் செய்துவிடலாம். சிக்கலான அடைப்புக்குத்தான் தொலைவில் உள்ள நிபுணர் தேவை. அதற்கு ரோபோ இன்னும் போதாது.

பாரிசவாதத்தின் கதை அப்படியல்ல. மூளைக்குப் போகும் பெரிய நாடியொன்றில் கட்டி வந்து அடைத்தால், ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். தொடை இடுக்கிலிருந்து கதீற்றரை மூளைவரை கொண்டுபோய் அந்தக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை பலன் தருகிறது என்பது 2015இல் அடுத்தடுத்து வெளிவந்த ஐந்து ஆய்வுகளில் உறுதியானது. மருத்துவத்தில் ஒரே வருடத்தில் ஐந்து ஆய்வுகள் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம். பேச்சும் ஒரு பக்கக் கையும் காலும் போய்ப் படுக்கையில் கிடந்திருக்கவேண்டியவர்கள் சில நாட்களில் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

சிக்கல், இதைச் செய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பணக்கார நாடுகளிலேயே சில பெரிய நகரங்களில் மட்டும் இருக்கிறார்கள். இருதய வைத்தியரைப் போல மாவட்டத்துக்கு ஒருவரை உருவாக்கவும் முடியாது. ஒரு சிறு மாவட்டத்தில் வருகிற நோயாளிகளின் எண்ணிக்கை அந்தக் கை பழகிக்கொண்டேயிருக்கப் போதாது. நோயாளியை நிபுணரிடம் கொண்டுபோனால் நேரம் போய்விடும். நிபுணரின் கையை மட்டும் நோயாளியிடம் அனுப்ப முடிந்தால் என்ற கேள்விக்கு இங்கேதான் உண்மையான பெறுமதி இருக்கிறது.

2019 நவம்பரில் ரொறன்ரோவில் விற்றர் மெண்டெஸ் பெரெய்ரா தலைமையிலான குழு, மூளையின் அடிப்பகுதியில் பருத்திருந்த ஒரு நாடி வீக்கத்துக்கு ரோபோவின் உதவியுடன் சிகிச்சை செய்தது. மூளைக்குள் ரோபோ போனது அதுதான் முதல் தடவை. அங்கே வைத்தியர் அதே கட்டிடத்தில்தான் இருந்தார். 2022இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் காட்டினார்கள். கம்பியின் நுனியைக் காந்தத்துக்கு இசையும்படி செய்து, வெளியே ஒரு ரோபோக் கை பிடித்திருக்கும் காந்தத்தை அசைத்து உள்ளே கம்பியைத் திருப்பினார்கள். மூளை நாடிகளின் மாதிரிகளிலும் விலங்குகளிலும் செய்த சோதனை அது. 2025இல் ஸ்கொட்லாந்தின் டண்டியில் பதப்படுத்தப்பட்ட மனித உடலொன்றில், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் புளோரிடாவில் இருந்த வைத்தியர் ஒருவர் கட்டியை அகற்றிக் காட்டினார். அதில் பாவித்தது லிதுவேனியாவில் செய்த சென்ரான்ரே என்ற ரோபோ. வைத்தியர் நெம்புகோலைப் பிடிப்பதில்லை. தன் கையில் வழமையான கம்பியையும் கதீற்றரையுமே பிடித்து உருட்டுகிறார், மறுமுனையில் ரோபோ அதை அப்படியே திருப்பிச் செய்கிறது. தொடுகை உணர்வையும் அது திருப்பி அனுப்புகிறது என்கிறார்கள் செய்தவர்கள். போனது உயிரற்ற உடலுக்குள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

இதற்கிடையில் கோர்பாத்துக்கு என்ன ஆனது? 2019இல் ஜேர்மனியின் சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ் நிறுவனம் கொரின்டஸை 1.1 பில்லியன் டொலருக்கு வாங்கியது. நான்கு வருடங்களில், 2023இல், இருதயச் சிகிச்சைக்கான ரோபோவைக் கைவிடுவதாகவும் மூளை நாடிகளில் மட்டும் கவனம் செலுத்தப்போவதாகவும் அறிவித்தது. மருத்துவ ரீதியில் அந்தத் தெரிவில் நியாயம் உண்டு என்பதை மேலே சொன்னேன். ஆனால் ஒரு வைத்தியசாலை பெரும் பணம் கொடுத்து வாங்கி, ஆட்களைப் பயிற்றுவித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக அந்தப் பெட்டியை வாங்கவேண்டிய ஒரு கருவியை, விற்ற நிறுவனம் கணக்குப் பார்த்துக் கைவிடும்போது அந்த வைத்தியசாலை என்ன செய்யும்? இலங்கையில் உதிரிப்பாகம் வராமல் துணி போர்த்தி மூடிவைத்த இயந்திரங்களைக் கண்டவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. தொலைதூர ஸ்டென்ட் சிகிச்சை, அஹமதாபாத் நிகழ்வுக்குப் பிறகும் உலகில் எங்கும் அன்றாட வழமையாகிவிடவில்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் மருந்தில்லாமல் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டதையும், வைத்தியர்கள் வரிசையாக நாட்டைவிட்டுப் போனதையும் பார்த்த பிறகு, நிபுணர்கள் இல்லாத இடத்தை ரோபோ நிரப்பும் என்ற பேச்சு இங்கேயும் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி வரும்போது, கட்டிலருகே நிற்கப்போவது யார் என்று முதலில் கேட்கவேண்டும். அஹமதாபாத்தில் அந்த இடத்தில் இன்னொரு முழுத்தகைமையுள்ள இருதய வைத்தியர் நின்றார். எங்கள் மாவட்ட வைத்தியசாலையில் யார் நிற்பார் என்பதற்குப் பதில் இல்லாமல் ரோபோவின் விலையைப் பேசிப் பயனில்லை.

மாமாவின் விடயத்தில் எங்கே நேரம் போனது என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாய்வு என்று நினைத்து முற்றத்தில் நடந்தது ஒன்றரை மணித்தியாலம். ஓட்டோ தேடி, வழியில் குன்றும் குழியுமான வீதியைக் கடந்து வைத்தியசாலை சேர்ந்தது ஒரு மணித்தியாலத்துக்கு மேல். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவசமாக வண்டி வரும் என்பது மாமிக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் வைத்தியசாலையில் அந்த ஊசி இருக்கவில்லை. அடுத்ததற்குப் போய் அதை ஏற்றும்வரை இரண்டு மணித்தியாலம். இந்த நான்கரை மணித்தியாலத்துக்குள் இருதயத் தசையின் ஒரு பகுதி செத்துவிட்டது. ஸ்டென்ட் வைத்த கைகள் மிகத் திறமையானவை. அவை வந்து சேர்ந்தபோது காப்பாற்ற மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அந்த நான்கரை மணித்தியாலத்தில் உலகின் எந்த ரோபோவும் குறைத்திருக்கக்கூடிய ஒரு நிமிடமும் இல்லை.

இதையெல்லாம் வாசித்து முடித்த காலத்தில் ஒருநாள் மாமாவுக்கு அந்தக் குஜராத் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கோயில்ல இருந்தோ செய்தவர்?" என்றார்.

"ஓம் மாமா. ஆனா கட்டிலடியில வேறொரு டொக்டரும் நிண்டவர்."

"அப்ப அவரே செய்திருக்கலாமே பிள்ளை."

சோதனைக்காகச் செய்தது, எதிர்காலத்தில் டொக்டர் இல்லாத இடங்களுக்கு உதவும் என்று விளக்கினேன். தலையாட்டினார். அவர் இப்போது வயலுக்குப் போவதில்லை, குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். விடிய நாலரை பஸ்ஸைப் பிடித்தால்தான் இலக்கம் எடுக்கலாம் என்பதால், முதல்நாள் இரவே மருந்துக் கொப்பியையும் பழைய ஈ.சி.ஜி. தாள்களையும் பொலித்தீன் பையில் போட்டுக் கதவடியில் வைத்துவிட்டுப் படுப்பார்.